எட்டுப் பொருத்தம் இருந்தும் ஏன் இத்தனை குழப்பம்?

வாசகரின் கடிதம் (சுருக்கம்):

"எனக்கு வயது 25. திருப்பூரில் பிறந்து வளர்ந்தேன். அப்பா சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறார். வைகாசியில் கல்யாணமாகி, கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். வீட்டில் அவர், மாமா, அத்தை, நான். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எதைத் தொட்டாலும் தப்பாகவே போய்விடுகிறது.

வந்த புதிதில் அவர் நடுராத்திரியில் எழுந்து சத்தமில்லாமல் வெளியே போய்விடுவார். யாரிடமோ போன் பேசப் போகிறார் என்று நினைத்து, தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு அழுவேன். ஒரு நாள் தாங்க முடியாமல் பின்னாலேயே போனால், மோட்டார் ரூமில் நின்றுகொண்டிருந்தார். இருட்டில் என்னைப் பார்த்ததும் பேய் என்று பயந்து டார்ச் லைட்டைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டார்.

சாயங்காலம் நான் அம்மாவிடம் போன் பேச ஆரம்பித்தால் எழுந்து மாட்டுக் கட்டுத்தரைக்குப் போய்விடுவார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பேச்சைக் குறைத்தேன், அப்புறம் நிறுத்தியே விட்டேன். எனக்கும் அம்மாவுக்கும் சண்டை என்று நினைத்துக்கொண்டு, அவர் எங்கம்மாவுக்கே போன் பண்ணி 'அத்தை, அங்க ஏதாச்சும் பிரச்சினைங்களா?' என்று கேட்டிருக்கிறார். இங்கேதான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, அம்மா மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு, ஒரு தூக்கு நிறையக் கச்சாயப் பலகாரத்தோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வந்து நிற்பதைப் பார்த்த அத்தை, நான் முழுகாமல் இருக்கிறேன், அதைத் தன்னிடம் மறைத்து அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டேன் என்று நினைத்து வருத்தப்பட்டார். ஆனாலும் நாட்டுக்கோழி அடித்தார். மத்தியானம் வரைக்கும் ஆறு பேரும் ஆளுக்கொன்றை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இதை அவர் டீக்கடையில் சொல்லிவிட்டார். இப்போது அவருடைய சேக்காளிகள் என்னைப் பார்த்தால் 'கச்சாயம் ஒண்ணும் வர்லீங்களா?' என்று கேட்கிறார்கள். திருப்பூருக்குப் போனால் மூன்று மணிக்கே கிளம்பலாம் என்கிறார். என் சமையலை ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. கொள்ளுப் பருப்பு கடைந்து போட்டேன், பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டார். அதற்கப்புறம் நான் அதைச் செய்யவேயில்லை.

வெளியே சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்கு அழுகை வருகிறது. ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார்கள். என் தோழி, 'ஆரம்பத்துலயே இப்படின்னா யோசிச்சுக்க' என்கிறாள். அடுத்து ஆடி வருகிறது. அம்மா கூட்டிப்போக வருவார். போகட்டுமா என்று கேட்டால் ஓடப் பார்க்கிறேன் என்று நினைப்பாரோ என்று பயமாக இருக்கிறது. எங்களுக்குப் பொருத்தமே இல்லையா?"

குடும்பநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள அம்மிணி,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது ஒன்றை மட்டும்தான் தேடினேன். இந்தப் பெண்ணுக்குத் தன் கணவரிடம் பயம் இருக்கிறதா? கை ஓங்குகிறாரா, போனைப் பிடுங்குகிறாரா, அம்மா வீட்டுக்குப் போகாதே என்கிறாரா, காசுக்குக் கணக்குக் கேட்டு அவமானப்படுத்துகிறாரா? அப்படி ஒரு வரிகூட இல்லை. தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்கிற பயம் இருக்கிறது. அது வேறு பயம். அதனால் நிம்மதியாக உங்களுக்கு எழுதுகிறேன். (இதைப் படிக்கிற வேறு யாராவது நான் முதலில் சொன்ன பயத்தோடு இருந்தால், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரமும் கூப்பிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.)

ஜோசியரிடம் மறுபடி போக வேண்டாம். தோழி உங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் இரண்டு மாதக் கல்யாணத்தை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. நீங்கள் எழுதிய சம்பவங்களை வரிசையாக மறுபடி பாருங்கள். உங்கள் தூக்கம் கெடக் கூடாது என்றுதான் அவர் சத்தமில்லாமல் கதவைத் திறந்தார். அம்மாவும் மகளும் மனம்விட்டுப் பேசட்டும் என்றுதான் எழுந்து கட்டுத்தரைக்குப் போனார். அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று நினைத்து, உங்களுக்கு உயிராக இருந்த அந்த ஒரு மணி நேரப் பேச்சை நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள். உங்கள் முகம் வாடியதைப் பார்த்து அவர் உங்கள் அம்மாவைக் கூப்பிட்டார். அவ்வளவு பதற்றத்திலும் மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று உங்கள் அம்மா ராத்திரியே அடுப்பில் எண்ணெய் வைத்திருக்கிறார். மனசு நொந்திருந்தும் உங்கள் அத்தை சம்பந்திக்குக் கோழி அடித்திருக்கிறார். ஆறு பேரில் ஒருவர்கூடக் கெட்டது நினைக்கவில்லை. ஆறு பேரும் வாய்திறந்து சொல்லவுமில்லை. சொல்லாமல் செய்கிற நல்லது, அடுத்தவருக்குக் கோபம் மாதிரியேதான் தெரியும். உங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான்.

ராத்திரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலேயே அடங்கியிருக்கிறது. விவசாய மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் எந்நேரமும் வராது. முறை வைத்துத்தான் வரும், அதில் ஒரு பங்கு ராத்திரியில் விழும். வைகாசியில் மஞ்சள் நட்டிருப்பார்கள். நட்ட புதிதில் விதைக் கிழங்கு காயக் கூடாது. மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து படுத்துவிடவும் முடியாது. ஒரு பாத்தி நிறைந்ததும் அடுத்ததற்கு மடை மாற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கிற தோட்டத்தில் இது பல் விளக்குகிற மாதிரி ஒரு வேலை. சின்னப் பையனாக இருந்தபோது அவர் அப்பா எழுந்து போனதைப் பார்த்திருப்பார், இப்போது அவர் போகிறார். அந்த வீட்டில் யாருக்கும் யாரும் இதை விளக்கிச் சொன்னதே கிடையாது. அதனால் உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பனியன் கம்பெனி வீட்டில் வளர்ந்த உங்களுக்கு, ராத்திரி ஆள் வரவில்லையென்றால் ஷிப்மெண்ட் நேரம் என்று தெரியும். சனிக்கிழமை என்றால் சம்பளப் பட்டுவாடா, வீட்டில் பேச்சுக்கே நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பும் சாயங்காலம் வெளியே போவதும். தோட்டத்தில் ஞாயிறு என்று ஒரு கிழமையே தனியாக இல்லை. நீங்கள் இதுவரை எத்தனை ஞாயிற்றுக்கிழமை தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு காத்திருந்தீர்களோ தெரியாது. நீங்கள் எழுதவில்லை, ஆனால் காத்திருந்திருப்பீர்கள். அவருக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

மூன்று மணிக்குக் கிளம்புவதற்கும் காரணம் பெரும்பாலும் கட்டுத்தரையில்தான் இருக்கும். கறவை மாடு இருக்கிற வீட்டில் சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊற்றியாக வேண்டும். பழகிய கை இல்லையென்றால் சில மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும். மாமனார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது 'மாடு கறக்கணும், போகணுமுங்க' என்று சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று, வெறுமனே 'கிளம்பலாம்' என்கிறார். எங்கள் வீட்டில் இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று உங்களுக்குப் படுகிறது. ஊகமாகத்தான் சொல்கிறேன். இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

இதைப் பற்றி அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். கென்னத் சாவிட்ஸ்கி, போவாஸ் கைசர் என்ற உளவியலாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2011-ல் வெளியிட்டது. 24 தம்பதிகளை வைத்து ஒரு சோதனை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி முதுகு காட்டி உட்காரவைத்து, இரண்டு மூன்று அர்த்தம் வரக்கூடிய வாக்கியங்களைச் சொல்லச் செய்தார்கள். கணவர் சொன்னதை மனைவி எவ்வளவு சரியாகப் புரிந்துகொள்கிறார், முன்பின் தெரியாதவர் எவ்வளவு சரியாகப் புரிந்துகொள்கிறார் என்று ஒப்பிட்டார்கள். தெரியாதவரைவிடத் தம்பதிகள் மேலாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் நம் வீட்டு ஆளுக்கு நன்றாகப் புரிந்திருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அடுத்தவீட்டுக்காரரிடம் பேசும்போது விளக்கிச் சொல்கிறோம், நம் ஆள்தானே என்றால் பாதியிலேயே விட்டுவிடுகிறோம். பழகிய தம்பதிகளுக்கே இப்படியென்றால், வைகாசியில் கைப்பிடித்த உங்களுக்கு எல்லாம் புரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

இனி, கொஞ்சம் பகுதியை உங்கள் வீட்டுக்காரருக்காகவே எழுதுகிறேன். அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

தம்பி, முதலில் பேச வேண்டியவர் நீங்கள்தான் என்பது என் தீர்மானமான எண்ணம். வீடு மாறி வந்தது அந்தப் பெண். நீங்கள் பிறந்த வீட்டில், அதே கட்டிலில், அதே மாட்டுச் சத்தத்துக்கு நடுவில்தான் இருக்கிறீர்கள். அவருக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதிலிருந்து எல்லாமே புதுசு. அதனால் எழுந்து போகும்போது எங்கே, எதற்கு, எப்போது திரும்புவீர்கள் என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள். 'மோட்டார் போடப் போறேன் அம்மிணி, மடை மாத்திட்டு ரெண்டு மணிக்குள்ள வந்துர்றேன்' என்று சொல்ல ஒரு மூச்சுதான் ஆகும். தூக்கம் கெட்டால் கெடட்டும். காரணம் தெரிந்தவர் மறுபடி தூங்கிவிடுவார், தெரியாதவர் விடிய விடிய விழித்திருப்பார். 'நீ உங்கம்மாவோட பேசிட்டிரு, நான் மாட்டைப் பாத்துட்டு வர்றேன்' என்று சொல்லியிருந்தால் அந்தக் கச்சாயத்துக்கு வேலையே வந்திருக்காது.

சாப்பாட்டு விஷயம். உங்கள் வீட்டில் உப்புக் குறைந்தால் மட்டும்தான் வாய் திறப்பீர்கள் என்று நினைக்கிறேன். தோட்டத்து வீடுகளில் ஆண்கள் பேசாமல் சாப்பிட்டு எழுந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே அர்த்தம். உங்கள் அம்மாவுக்கு அது தெரியும். இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கொள்ளுப் பருப்பு பிடித்திருந்தால் 'இன்னொரு கரண்டி போடு' என்று கேளுங்கள். பிடிக்கவில்லையென்றால் எங்கள் வீட்டில் பூண்டு அதிகம் போடுவார்கள் என்று பக்குவத்தைச் சொல்லுங்கள். இரண்டும் இல்லாமல் எழுந்துபோவதுதான் அவரைக் குத்துகிறது.

டீக்கடை விஷயத்தில் உங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. நடந்தது சிரிப்பான விஷயம்தான், உங்களுக்குத் தப்பெண்ணமும் இல்லை. ஆனால் அந்தக் கதையில் ராத்திரியெல்லாம் அழுத ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னால் ஊர் சிரித்துவிட்டது. அது இரண்டு பேருக்கும் சொந்தமான கதை, வெளியே சொல்லலாமா என்று அவரைக் கேட்டிருக்க வேண்டும். சேக்காளிகளிடம் நீங்களே சொல்லி நிறுத்துங்கள். 'அதை உட்ருங்கப்பா, வீட்ல வருத்தப்படுது' என்று ஒரு தடவை முகத்தை நேராக வைத்துச் சொன்னால் நம் ஊர் ஆட்கள் விட்டுவிடுவார்கள். அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்பும் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது மனப்பொருத்தத்தில் சேராது. ராத்திரி தோட்டத்துக்குப் போகும்போது பாம்பு பூச்சிக்குப் பயந்தாவது காலை மூடுகிற செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். செல்போனிலேயே மோட்டாரைப் போடுகிற கருவியை வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் கொடுத்து வருகிறது. மடை மாற்ற நீங்கள் போகத்தான் வேண்டும், ஆனாலும் சில ராத்திரியாவது மிச்சமாகும். வீட்டில் ஒருவர் உங்களுக்காக விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்பதால் சொல்கிறேன்.

அம்மிணி, இனி உங்களுக்கு.

நீங்கள் கேட்கவே மாட்டேன் என்கிறீர்கள். நினைத்துக்கொள்கிறீர்கள், அழுகிறீர்கள், பிடித்ததை விட்டுவிடுகிறீர்கள். உங்கள் மனசில் வந்த நினைப்பையும் சேர்த்துக் கேளுங்கள். 'ஏன் இப்படிப் பண்றீங்க?' என்றால் எந்த ஆணுக்கும் அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். 'நீங்க எந்திரிச்சுப் போறப்ப, நான் பேசறது உங்களுக்குப் புடிக்கலையோன்னு நெனச்சுட்டனுங்க, அப்படித்தானுங்களா?' என்று கேட்டால் இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைக்கும். அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே கேட்டுவிடுங்கள். நாலு நாள் சேர்த்து வைத்தால் கேள்வி வராது, அழுகைதான் முன்னால் வரும்.

ஜாடையாகச் சொல்வதையும் விடுங்கள். 'எங்கூர்ல மாரியம்மன் கோயில் பூச்சாட்டிட்டாங்களாம்' என்று சொன்னால், கூட்டிப்போங்கள் என்பது உங்கள் மனசில் இருக்கும். அவர் 'அப்படியா' என்று சொல்லிவிட்டு மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போய்விடுவார். அவருக்கு அது ஒரு சேதி, அவ்வளவுதான். 'நோம்பிக்குப் போகணுமுங்க, ராத்திரி தங்கணும், மாட்டுக்கு யாரைச் சொல்லலாம்?' என்று கேளுங்கள். மாட்டையும் சேர்த்து நீங்கள் யோசித்தீர்கள் என்பதே அவருக்குப் பெரிய சந்தோஷமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையையும் இப்படித்தான் கேட்டு வாங்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு போதும், முன்கூட்டியே சொல்லிவிட்டால் மருந்தடிப்பதை அடுத்த நாளுக்குத் தள்ளிவைப்பார்.

எங்கே பேசுவது? நாலு பேர் இருக்கிற வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையும் மாமாவும் படுத்திருக்க, மனசைத் திறந்து எதைப் பேச முடியும்? என்னிடம் வருகிற புதுத் தம்பதிகள் பலருக்கு இதுதான் உண்மையான சிக்கல், வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். போகும்போது வண்டியில் போகலாம், திரும்பும்போது வாய்க்கால் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். அங்கே யாருமில்லை. பால் ஊற்றப் போனார்கள் என்பதால் யாரும் எதுவும் கேட்கவும் மாட்டார்கள்.

அத்தையை மறந்துவிடாதீர்கள். உங்கள் மேல் வருத்தம் வந்தபோதும் கோழி அடித்த மனுஷி அவர். அவரும் ஒரு காலத்தில் இந்த வீட்டுக்குப் புதுப்பெண்ணாக வந்தவர்தான். அடுப்படியில் சும்மா இருக்கும்போது, 'நீங்க வந்தப்ப எப்படீங்க அத்தை இருந்துச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். மாமா ராத்திரி எழுந்து போனபோது அவர் என்ன நினைத்தார் என்று கேளுங்கள். அவரிடம் இருக்கிற கதைகளை இதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கொள்ளுப் பருப்பில் அவர் பக்குவத்தையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவிடம் மறுபடி தினமும் பேசுங்கள். அதை விட்டது உங்களுக்கு நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை. ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உங்களுக்குள் ஏதாவது மனக்கசப்பு வந்தால் முதலில் இரண்டு பேரும் பேசுங்கள், அப்புறம் அம்மாவிடம் சொல்லுங்கள். உங்களுக்குள் கசப்பு பத்து நிமிஷத்தில் போய்விடும், அம்மாவுக்குப் பத்து நாள் தூக்கம் போய்விடும். அம்மாவிடமும் இதை இப்போதே சொல்லி வையுங்கள்: 'மாப்பிள்ளை போன் பண்ணுனா மொதல்ல என்கிட்டக் கேளுங்க, அப்புறமா பஸ் ஏறுங்க.' மாப்பிள்ளையும் இனிமேல் மாமியாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் மனைவியைக் கேட்க வேண்டும்.

கடைசியாக ஆடி. தலை ஆடிக்குப் பெண் தாய்வீடு போவது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அவர் தப்பாக நினைக்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் அவரிடம் கேட்காமல் அம்மா வந்து நின்று கூட்டிப்போனால், நீங்கள் சந்தோஷமாகப் போவதைப் பார்த்து, 'இங்கிருந்து எப்போது விடுதலை என்று காத்திருந்தாளோ' என்று அவர் நினைக்கலாம். அவர் முகம் இறுகினால், அனுப்ப மனசில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். அதனால் ஆடி பிறப்பதற்கு முன்பே, வாய்க்கால் மேட்டில் வைத்து நீங்களே சொல்லுங்கள். எனக்கு அம்மா வீட்டுக்குப் போக ஆசையாக இருக்கிறது, உங்களை விட்டுப் போகிற வருத்தமும் இருக்கிறது என்று இரண்டையும் சொல்லுங்கள். என்றைக்குப் போவது, எத்தனை நாள், அவர் எந்தெந்த நாள் திருப்பூர் வருவார், அன்றைக்கு மாட்டை யார் கறப்பது, ஆடி 18-க்கு பவானி கூடுதுறைக்குச் சேர்ந்து போவதா இல்லையா, எல்லாவற்றையும் இரண்டு பேருமாக முடிவு செய்துவிட்டு, அப்புறம் அத்தையிடமும் உங்கள் அம்மாவிடமும் ஒரே நாளில் சொல்லுங்கள். அத்தையிடம் முதலில்.